கண்டல் நடுவது கடைசி வேலை

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்வந்த ஆண்டுகளில் இலங்கையின் களப்புக் கரைகளில் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) நடாத அமைப்பு இல்லை என்றே சொல்லலாம். பதாகை, தொப்பி, குளிர்பானம், வரிசையாகக் குத்திய முளைக்காய்கள் (மரத்திலேயே முளைவிட்ட கண்டல் காய்கள்), கடைசியில் ஒரு குழுப்படம். இப்படி நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கணக்கு இது: நட்டது 1000 முதல் 1200 ஹெக்டயர், நின்றுபிடித்தது 200 முதல் 220 ஹெக்டயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் தப்பியவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்கள் மட்டுமே.

காசு போதாமல் வந்த தோல்வி என்று இதைச் சொல்ல முடியாது. நட்ட இடம் பிழை. இடம் சரியாக அமைந்தால் இனம் பிழை. இரண்டும் சரியாக அமைந்த இடத்தில் நட்டபின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றிலும் முதலாவதுதான் பெரிது. ஆகவே இங்கே அதற்கே அதிக இடம். கன்று, பை, வேலி எல்லாம் பிறகு.

விரற்கடைக் கணக்கு

சுந்தரவனத்தில் கடல் நாளுக்கு இருமுறை பல மீற்றர் ஏறி இறங்கும். அங்கே கண்டல் வளரக்கூடிய பட்டை அகலமானது. ஒரு சாண் முன்னே பின்னே நட்டாலும் கன்று சமாளிக்கும். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு, உச்சமான நாட்களிலும், ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும். ஒடுங்கிய வாயால் களப்புக்குள் நுழைந்தபின் அது இன்னும் சுருங்கும். உள்மூலைகளில் விரற்கடைக் கணக்குத்தான். எனவே கண்டல் உயிர்வாழக்கூடிய உயர எல்லையும் சில சாண்களுக்குள் அடங்கும். சரிவு குறைந்த கரையில் அந்தச் சில சாண் ஐம்பது மீற்றர் அகலமாக விரியலாம். செங்குத்தான கரையில் இரண்டு வரிசை மரத்துக்குத்தான் இடம் இருக்கும். கிழக்கிலும் வடக்கிலும் பல களப்புகளில் கண்டல் மெல்லிய விளிம்பாக நிற்பதற்கு வெட்டியது மட்டும் காரணமல்ல. பல இடங்களில் இயற்கையே அவ்வளவுதான் இடம் கொடுத்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், இங்கே நீர்மட்டத்தை ஆள்வது பல மாதங்களுக்குக் கடலே அல்ல. மட்டக்களப்புக் களப்பின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல்திட்டு அடைத்துவிடும். அடைத்தபின் வற்றுப்பெருக்கு என்ற பேச்சே இல்லை. வெயிலுக்கு நீர் வற்றிக்கொண்டே போகும். மாரி பிடித்ததும் ஆற்றுநீர் வந்து நிரம்பும், வாய் வெட்டிவிடும்வரை நாட்கணக்கில் இறங்காமல் நிற்கும். நாளுக்கு இருமுறை மூழ்கி இருமுறை மூச்சுவிடும் நிலத்தை மனதில் வைத்து இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் எழுதிய கைநூல்களை அப்படியே இங்கே பின்பற்றினால் கன்று ஒன்றில் காய்ந்து சாகும், அல்லது மூழ்கிச் சாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழை ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். ஆவணியில் ஒதுக்கமான களப்பு மூலைகளின் நீர் கடலைவிட உப்பாகிவிடும். மண்டைதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பூநகரிப் பக்கத்திலும் பெரும்பாலும் வெண்கண்டலே, அதாவது கண்ணாவே, நிற்பதற்குக் காரணம் இந்த உப்புத்தான். தெற்கிலே தண்டிலிருந்து வளைந்து ஊன்றிய வேர்களோடு நிற்கும் மிண்டிவேர்க் கண்டலின் படத்தைப் பார்த்துவிட்டு அதையே இங்கும் நடப் போகிறவர்கள் முதலில் உப்பை அளக்க வேண்டும்.

உப்பு எங்கே தங்குகிறது

மிண்டிவேர்க் கண்டலின் வேர் நீரை எடுத்து உப்பின் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடும். வெண்கண்டலும் பெரும்பகுதியை நிறுத்தும். உள்ளே வந்ததை இலை வழியே கக்கும். வெயில் ஏறியபின் இலையை நக்கிப் பார்த்தால் நாக்கில் உப்புக் கரிக்கும். இரண்டு வழியிலும் உப்பு வேரைச் சுற்றிய மண்ணில்தான் சேர்கிறது. அதைக் கழுவிக்கொண்டு போக ஓடும் நீர் வேண்டும், அல்லது மழை வேண்டும், அல்லது நண்டு வளை வேண்டும். நண்டைப் பலரும் கன்று தின்னும் எதிரியாகவே பார்க்கிறார்கள். ஆனால் சேற்றுக்குள் அது குடையும் வளைகள் வழியேதான் பெருக்கு நீர் உள்ளே போய் உப்பைக் கரைத்து வெளியே எடுக்கிறது. காற்றும் அதே வழியால் இறங்குகிறது. விழுந்த இலையை வளைக்குள் இழுத்துத் தின்று கழிவாக்கி, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உண்ணும் சங்கிலியைத் தொடங்கி வைப்பதும் அதுவே. வளை இல்லாத கண்டல் நிலம் கண்டால் அங்கே ஏதோ பிழை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே உவர்த்தன்மையை அளக்கும்போது மேலே நிற்கும் நீரை அளந்து பயனில்லை. 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். முதலில் ஊறும் நீரை வெளியே எற்றிவிட்டு, மறுபடி ஊறியதில் ஒரு துளியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்கும் கை உப்புமானியில் விடுங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 காட்டும். மாரியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை, ஒரே இடத்தில் அளந்தால்தான் படம் முழுமையாகும். ஆவணியில் மண்நீர் 45க்குள் நின்றால் மிண்டிவேர்க் கண்டலும் சிறுகண்டலும் தாங்கும். 60ஐத் தாண்டினால் அவற்றை மறந்துவிடுங்கள். வெண்கண்டல் நிற்கும், ஆனால் இடுப்பளவுக் குட்டையாகவே நிற்கும். கிண்ணை என்ற கண்டல் இனம் இதற்கு நேரெதிர். ஆறு வந்து கலக்கும் குறைந்த உப்பு நீர்தான் அதற்கு வேண்டும். தில்லையும் திப்பரத்தையும் கரையின் மேற்பக்கம், பெருக்கு எப்போதாவது மட்டும் தொடும் மேட்டில் வரும். தில்லைக் கிளையை முறிக்க நேர்ந்தால் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மட்டம் பார்ப்பது

இதற்கு நில அளவையாளரின் கருவி கட்டாயமில்லை. அசையாமல் நிற்கும் களப்பு நீரைவிட நல்ல மட்டப்பலகை கிடையாது.

நடப்போகும் இடத்துக்கு அருகில், அதே களப்பில், யாரும் நடாமல் தானாக முளைத்த கண்டல் கூட்டம் ஒன்றைத் தேடுங்கள். பெரிய மரத்தைப் பார்க்க வேண்டாம். அது முளைத்த காலத்தில் நிலமட்டம் வேறாக இருந்திருக்கலாம். இரண்டு மூன்று வயதுள்ள இளங்கன்றுகளில் நீர்ப்பக்கமாக ஆகத் தாழ்ந்து நிற்பவற்றையும், கரைப்பக்கமாக ஆக உயர்ந்து நிற்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் இரண்டு இடத்தையும் மூடி நிற்கும் ஒரு நாளில், விடியற்காலையில், ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயும் நின்று, கைபேசியில் நேரம் சொல்லி, ஒரே நிமிடத்தில் ஆழம் அளவுங்கள். தானாக முளைத்த தாழ்ந்த கன்றின் அடியில் 22 சென்ரிமீற்றர், உங்கள் நிலத்தில் 41 என்றால் உங்கள் நிலம் 19 சென்ரிமீற்றர் தாழ்வு. அங்கே நட்ட கன்று நிற்காது. குறைந்தது இருபது புள்ளிகளில் அளந்து, புள்ளிக்கு ஒரு தடி குத்தி, தடியில் எண்ணை எழுதிவிட்டால் எந்தத் துண்டு நடக்கூடியது, எது கூடாது என்று கண்ணுக்கே தெரியும்.

விடியற்காலை என்று சொன்னதற்குக் காரணம் காற்று. சோளகம் பிடித்த நாட்களில் பகல் ஏற ஏறக் காற்று நீரைக் களப்பின் ஒரு கரைக்குத் தள்ளிவிடும். இரு கரைக்கும் இடையில் ஒரு சாண் வித்தியாசம் காட்டினாலும் வியப்பில்லை. அந்த நேரத்தில் எடுத்த அளவு முழுக்கப் பிழை.

இதோடு ஒரு நீர்மட்டக் கம்பமும் வேண்டும். இரண்டு அங்குல பிவிசி குழாயில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக, அழியாத நிறத்தில் வரைந்து, சேற்றுக்குள் ஒரு மீற்றர் இறங்கும்படி அடித்துவிடுங்கள். தோணி கட்டும் தடியில் வரைந்தால் போதாதா என்று கேட்பார்கள். தடியை யாராவது பிடுங்கி இடம் மாற்றினால் எல்லா அளவும் வீண். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பார்த்துக் கொப்பியில் எழுதினால் ஆண்டுக்கு 730 அளவுகள் சேரும். புளோரிடாவில் பல்லாண்டு கண்டல் மீட்பு வேலை செய்த ரோபின் லூயிஸ் கண்ட பொது விதி, கண்டல் நிற்கும் நிலம் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 வீதம் மட்டுமே நீருக்குள் இருக்கும் என்பது. உங்கள் 730 அளவுகளில் 220ஐ விட மிகக் கூடுதலான தடவை அந்தப் புள்ளி நீருக்குள் இருந்தால் எச்சரிக்கை. வாய் அடைபடும் கிழக்குக் களப்புகளில் இந்த வீதத்தைவிட இன்னொன்று முக்கியம்: கன்றின் நுனிக்குமேல் நீர் தொடர்ந்து எத்தனை நாள் நின்றது. நுனி வெளியே தெரிந்தால் கன்று பொறுக்கும். முழுதாக மூழ்கி வாரக்கணக்கில் கிடந்தால் இலை உதிர்ந்து தண்டு அழுகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முளைக்காயைக் குத்துவதைவிட 50 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த நாற்றை வைப்பதே புத்தி.

ஒரு ஆண்டு அளந்துகொண்டு இருப்பதா என்று நிதி தருபவர்கள் முகம் சுளிப்பார்கள். திட்டம் பன்னிரண்டு மாதத்தில் முடிய வேண்டும், படம் ஆறாம் மாதத்தில் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. களப்பின் நீர் அந்தக் கணக்கில் ஓடாது.

தானாக ஏன் முளைக்கவில்லை?

நடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முளைக்காய்கள் மிதந்து வருகிறவை. சரியான நிலம் இருந்தால் அவையே வந்து வேர்விடும். பெருக்கு விட்டுப்போன குப்பைக் கோட்டில், சாதாளையோடு (கரையொதுங்கும் கடற்பூண்டு) கலந்து முளைக்காய் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடக்கிறது, முளைக்கிறது, ஆனால் ஒரு வயதுக்குள் சாகிறது என்றால் நிலத்திலோ நீரிலோ பிழை. நீங்கள் நட்டாலும் அதுவே நடக்கும். முளைக்காயே வரவில்லை, ஆனால் கொண்டுவந்து போட்ட சில வளர்கின்றன என்றால் மட்டும் நடுவதில் அர்த்தம் இருக்கிறது.

பிழை நீரில் என்றால் பெரும்பாலும் ஒரு தாம்போதி குறுக்கே கிடக்கும். தீவுகளை இணைக்கக் கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட வீதிகளில் மதகுகளின் எண்ணிக்கை பாரத்துக்கும் செலவுக்கும் ஏற்பத் தீர்மானிக்கப்பட்டதே தவிர, களப்பு நீர் எவ்வளவு போய்வர வேண்டும் என்று கணக்கிடப்படவில்லை. தெற்கே ரெக்காவக் களப்பில் மதகு போதாத ஒரு தாம்போதியால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவது குறைந்து, மீன்பிடிக் குடும்பங்களின் வருமானமே அடிபட்டது. அடைபட்ட பக்கத்தில் கண்டலை ஆயிரம் ஆயிரமாக நடுவதைவிட, தூர்ந்துபோன ஒரு மதகைச் சுத்தம் செய்வது மலிவு. மதகின் அடிமட்டம் களப்பின் அடிமட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். உயரத்தில் பொருத்திய குழாய் மாரியில் மட்டும் ஓடி, கோடையில் சும்மா கிடக்கும்.

கைவிட்ட இறால் பண்ணைகள்

புத்தளம், முந்தல் பகுதிகளில் 1980களின் கடைசியிலும் 90களிலும் கண்டலை வெட்டி இறால் பண்ணை தோண்டினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் அடித்து உற்பத்தி சரிந்தது. பல குளங்கள் அப்படியே விடப்பட்டன. அணை இன்னும் நிற்பதால் பெருக்கு நுழைவதில்லை. ஆகவே எத்தனை ஆண்டு கழிந்தாலும் கண்டல் திரும்புவதில்லை. மீட்க ஆகச் சிறந்த நிலம் இதுவே. ஏனென்றால் இங்கே முன்பு கண்டல் நின்றது உறுதி. ஆனவிழுந்தாவை சரணாலயத்துக்குள் கைவிட்ட பண்ணை நிலங்களில் நடக்கும் மீட்பு வேலையும் நீரோட்டத்தைத் திருத்துவதிலிருந்துதான் தொடங்குகிறது. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024இல் ஐநா உலக மீட்பு முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

அணையை உடைப்பது எளிது, எங்கே உடைப்பது என்பதுதான் வேலை. பழைய விமானப் படத்திலோ செய்மதிப் படத்திலோ பண்ணை வருவதற்கு முன் ஓடை எந்த வழியாக ஓடியது என்று தேடுங்கள்; ஊரில் வயதான மீனவரைக் கேட்டாலும் விரல் நீட்டிக் காட்டுவார். அந்த வழியிலேயே வாயைத் திறக்க வேண்டும். வசதியான மூலையில் திறந்தால் நீர் உள்ளே வரும், ஆனால் முழுதாக வடியாது; தேங்கிய குட்டையில் பாசி பிடித்துச் சேறு அழுகும். வாயின் அடி குளத்தின் அடிக்குச் சற்றுத் தாழ இருக்க வேண்டும். பண்ணைக் குளங்கள் பொதுவாக ஆழமாகத் தோண்டப்பட்டவை. மட்டம் பார்த்தால் நடக்கூடிய உயரத்துக்கு ஒரு முழம் தாழ்வாக இருக்கும். அப்போது உடைத்த அணை மண்ணைக் குளத்துக்குள்ளேயே தள்ளிச் சரிவாகப் பரப்பிவிடுவதே ஒரே வழி.

அந்த மண்ணைத் தொடுமுன் ஒரு சோதனை. கண்டல் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற் இருக்கும். நீருக்குள் இருக்கும்வரை அது சாது. தோண்டிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். வெவ்வேறு ஆழத்திலிருந்து பிடி மண் எடுத்து, ஒரு விரற்கடைத் தடிப்பில் தட்டில் பரப்பி, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு மாதம் வைத்துவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் (அமிலத்தன்மை அளவு, குறையக் குறைய அமிலம் கூட) பாருங்கள். 7இல் இருந்தது 4க்குக் கீழே இறங்கினால் அந்த ஆழத்து மண்ணை வெளியே எடுக்கக் கூடாது. ஏற்கெனவே அணையில் கொட்டிக் கிடந்து துருச்சிவப்பாகவும் மஞ்சள் திட்டாகவும் தெரியும் மண் என்றால் அமிலம் உருவாகிவிட்டது. முதல் இரண்டு மாரிக்கும் நீர் வந்துபோக விட்டுக் கழுவப்பட்டபின் நடுங்கள். அவசரப்பட்டு நட்டால் கன்றின் வேர்நுனி கறுத்துக் கருகும், ஓடையில் மீன் மிதக்கும்.

மண் உயர்ந்து காய்ந்துவிட்ட நிலத்துக்குத் தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் பயன்படுத்திய மீன்முள் வாய்க்கால் முறை உதவும். களப்போடு இணையும் ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து சரிவாக இருபக்கமும் கிளைகள். கன்றை வாய்க்காலின் சரிந்த பக்கத்தில், அடிக்கும் மேட்டுக்கும் நடுவே வைப்பார்கள். இங்கே அதைச் செய்யும்போது இரண்டு விடயம். வெட்டிய மண்ணை ஓரத்தில் தொடர்மேடாகக் குவித்தால் அதுவே புது அணையாகிவிடும். ஐந்து மீற்றருக்கு ஓர் இடைவெளி விடுங்கள். வற்றுப்பெருக்கு பலவீனமானதால் வாய்க்கால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது, வாயில் மணல் தூரும். ஒவ்வொரு மாரிக்கு முன்பும் தூர்வாரும் செலவை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

மண்வெட்டி போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். நிலம் வனத் திணைக்களத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ உரியதாகவும் இருக்கலாம். நல்ல நோக்கம் என்பது அனுமதி ஆகாது. வடக்கிலே கண்ணிவெடி அகற்றிய சான்றையும் கேட்டுப் பார்த்துவிட்டே சேற்றில் இறங்குங்கள்.

நடும் காலமும் கன்றும்

உலகக் கண்டல் நாள் ஜூலை 26. விழாவுக்கு நல்ல நாள். வடக்கு கிழக்கில் நடுவதற்கு ஆகக் கெட்ட நாள். சோளகம் வீசி, களப்பு வற்றி, மண்ணில் உப்பு உச்சிக்கு ஏறும் காலம் அது. அன்றைக்குக் கன்று நட்டே ஆகவேண்டும் என்றால் நாற்றுமேடைக்குப் பை நிரப்பும் வேலையை விழாவாக்குங்கள். நடவேண்டியது மாரி பிடித்து உப்புக் கரைந்தபின்: தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வடிந்த ஜனவரியில், வெள்ளம் தேங்காத மேட்டில் நவம்பர் கடைசியிலேயே.

மிண்டிவேர்க் கண்டல், காய் மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற இனம். சீவசமுளைத்தல் என்று பள்ளியில் படித்ததுதான். கீழே விழுந்த முளைக்காயைப் பொறுக்குவது நல்லது. மரத்திலிருந்து எடுப்பதானால் காயும் தண்டும் சேரும் கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிய வேண்டும். குட்டையான முளைக்காய் கொண்ட மற்றக் கண்டல் இனத்தில் வளையம் செம்மையாக இருக்கும். மெல்லத் திருகினால் கழல வேண்டும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் அது முற்றவில்லை. ஊசித்துளை உள்ளவற்றைக் கழித்துவிடுங்கள், உள்ளே வண்டு இருக்கும். எடுத்தவற்றை நிழலில் கிடையாக அடுக்கி ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் வைக்கலாம். பறித்த அன்றே நட்டதைவிட, சில நாள் நிழலில் வாடவிட்டு நட்டதை நண்டு குறைவாகவே சீண்டும்.

நடும்போது மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். 45 சென்ரிமீற்றர் முளைக்காய் என்றால் 15. தடித்த, கூரிய முனை கீழே. சின்ன மொட்டுத் தெரியும் முனை மேலே. இதை எழுதவேண்டுமா என்று தோன்றும், ஆனால் தலைகீழாகக் குத்தியவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் நட்ட வரிசைகளில் தேடிப் பாருங்கள். மண் இறுகியிருந்தால் கையால் அழுத்தி ஏற்றாமல் ஒரு தடியால் குழி குத்திவிட்டு வையுங்கள். வேர்முனை நசுங்கினால் வெளியே பச்சையாக நின்றுகொண்டே உள்ளே செத்துவிடும். ஒரு மீற்றர் இடைவெளியில் ஹெக்டயருக்கு 10,000 வேண்டும். ஒன்றரை மீற்றரில் ஏறக்குறைய 4400. காற்றலை படும் கரையில் சீரான வரிசையைவிட, ஐந்தாறு கன்றுகளைக் கொத்தாக வைத்து, கொத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் விடுவது பலன்தரும். ஒன்றையொன்று தாங்கி நிற்கும், நடுவில் சேறும் படியும்.

வெண்கண்டல் விதை அப்படிக் காத்திருக்காது. விழுந்து சில நாட்களுக்குள் போட வேண்டும். இரவு முழுக்கக் களப்பு நீரில் ஊறவிட்டால் தோல் கழன்றுவிடும். பிறகு சேறும் கொஞ்சம் மணலும் கலந்த பையில், முளைப்பக்கம் கீழே இருக்க, மேலே வைத்து மெல்ல அழுத்தினால் போதும். புதைத்தால் அழுகும். முதல் இரண்டு மாதம் கிடுகு நிழல். நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிழலை எடுத்து, ஊற்றும் நீரின் உப்பைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்று நீரில் வளர்த்த நாற்றை நேரே களப்பில் வைத்தால் ஒரு வாரத்தில் இலை கருகும். நாலு முதல் ஆறு மாதத்தில் நடலாம். பையைக் கிழித்து எடுத்து, எடுத்த பைகளை எண்ணிப் பாருங்கள்; 500 கன்று நட்டால் 500 பை கரைக்கு வர வேண்டும்.

நட்டபின்

பலரும் தோற்கும் இடம் இது. முதல் மாதம், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கொருமுறை ஐந்தாண்டு வரை போய்ப் பார்க்க வேண்டும். 10 மீற்றருக்கு 10 மீற்றர் கட்டங்களை மூலைக் கதியால் போட்டுக் குறித்து, அதே கட்டங்களையே ஒவ்வொருமுறையும் எண்ணுங்கள். செத்த கன்றைப் பிடுங்கி ஏன் செத்தது என்று பார்ப்பதுதான் எண்ணுவதைவிடப் பயன். நுனி துண்டாக வெட்டுப்பட்டிருந்தால் நண்டு. மூங்கில் குழாய் வளையம் போடலாம். தண்டில் கொட்டலசு (ஓடுள்ள ஒட்டுயிரி) ஒட்டிக் கனத்திருந்தால் பலர் சுரண்டிவிடச் சொல்வார்கள். உண்மையில் நிலம் தாழ்வு என்று அது சொல்கிறது. பாசியும் சாதாளையும் போர்த்து வளைந்திருந்தால் கையால் எடுத்துவிட வேண்டும், காற்று மாறும் பருவத்தில் வாரம் ஒருமுறை. இலை மட்டும் மொட்டையாக இருந்தால் ஆடு. வடக்கில் மாடும் ஆடும் மன்னாரில் அவற்றோடு கழுதையும் களப்புவெளியில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. முதல் மூன்று ஆண்டு கரைப்பக்கம் பனைமட்டை வேலி இல்லாமல் முடியாது. நீர்ப்பக்கம் வேலி வேண்டாம், சாதாளையைப் பிடித்துக் கன்றுமேல் போட்டுவிடும். மேய்ச்சல்காரரோடு பேசாமல் போட்ட வேலி ஒரு மாதம்கூட நிற்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். நீர்கொழும்பில் மீனவர்களே கண்டல் வளர்த்துப் பேணியதற்குக் காரணம், களப்பில் மீன் கூட்டக் கிளைகளை நட்டு வைக்கும் அவர்கள் தொழிலுக்கு அந்தக் கிளை வேண்டியிருந்தது. பயன் இருக்கும் இடத்தில் காவலுக்கு ஆள் தேடவேண்டியதில்லை.

நடக்கூடாத இடங்கள்

அலை நேராக அடிக்கும் மணற்கரையில் சுனாமித் தடுப்பு என்ற பெயரில் கண்டல் நட்டது வீண்செலவு. அது தாழையும் அடம்பும் நிற்கவேண்டிய இடம். சுனாமிக்குப்பின் 24 களப்புகளிலும் கழிமுகங்களிலும் செய்த ஆய்வில், மிண்டிவேர்க் கண்டல் முன்வரிசையில் அடர்ந்து நின்ற இடங்கள் பின்னால் இருந்ததைக் காத்தன. மேலே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே கண்டல் சிதைந்து வேறு செடிகள் புகுந்திருந்த இடங்கள் அப்படிக் காக்கவில்லை. எந்த மரம், எவ்வளவு அடர்த்தி என்பதைப் பார்க்காமல் ஏக்கரை மட்டும் எண்ணுவதில் அர்த்தமில்லை.

கண்டல் கூடிவிட்டாலே நன்மை என்பதும் இல்லை. தெற்கே களமெட்டியக் களப்புக்கு உடவளவை நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிநீரும் வண்டலும் வந்து சேர்ந்தபின் உப்புக் குறைந்து, கிண்ணை பெருகித் திறந்த நீர்ப்பரப்பை விழுங்கியது. வரைபடத்தில் கண்டற்காடு வளர்ந்தது. களப்பு சுருங்கியது, மீன்பிடியும் அதோடு சுருங்கியது.

மன்னாரின் வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிட்ட ஈரநிலம். மாரியில் பூநாரைகளும் வலசை வரும் உள்ளான்களும் மேய்வது அங்குள்ள வெறும் சேற்றுவெளியிலும் உவர்த்தரையிலும்தான். வெறுமையாகக் கிடக்கிறது என்று அங்கே கண்டல் குத்தினால் பறவையின் மேய்ச்சல் நிலம் போகும், கன்றும் பெரும்பாலும் தப்பாது. கடற்புல் தரையும் அப்படியே. இறங்கிக் கையால் தடவிப் பார்த்தால் புல் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த இடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு துண்டில் இருமுறை நட்டு இருமுறையும் பாதிக்கு மேல் செத்தால் மூன்றாம் தடவைக்குக் கன்று வாங்காமல், மீதிக் காசில் பக்கத்து மதகைத் தோண்டுங்கள். நீர்மட்டக் கம்பத்தை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.